62 குடும்பம், மாதம் இரண்டு வெள்ளி

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய 555 புத்தகங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டுதான். எங்கள் தோட்டத்தின் மரண சகாய நிதிக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. முதலில் தாத்தா எழுதினார், 1990-லிருந்து அப்பா.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து தோட்டத்துக்கு மோட்டாரில் இருபது நிமிடம். அப்பாவும் அம்மாவும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தார்கள். சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம் அப்பா கோயில் திண்ணையில் உட்காருவார். குடும்பத்துக்கு மாதம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட், சந்தா. கட்டியவர் பெயருக்கு நேராக நீல மையில் ஒரு கோடு. சந்தா கட்டும் வீட்டில் யார் இறந்தாலும், கிழவியோ கைக்குழந்தையோ, அன்றைக்கே பணம் போய்ச் சேர வேண்டும் என்பது தாத்தா வைத்த சட்டம். பெட்டிக்கும் பந்தலுக்கும் யாரும் இன்னொருவர் வாசலில் போய் நிற்கக் கூடாது. சாவு விழுந்தால் பெயர், தேதி, தொகை எல்லாம் சிவப்பு மையில். பக்கத்தில் வாங்கியவரின் கைநாட்டு. சில கைநாட்டுகளில் பால்கறை இன்னும் கறுப்பாக ஒட்டியிருக்கிறது.

2004 எனக்கு ஆறாம் வகுப்பு, யுபிஎஸ்ஆர் சோதனை ஆண்டு. ஏப்ரலில் பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு பெரியவர் தவறிவிட்டார். கொடுக்க வேண்டியது ஆயிரம் வெள்ளி. நிதியில் இருந்தது 364. மீதி 636 வெள்ளியை, அம்மா கூட்டுச் சீட்டுப் போட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து அப்பா கொடுத்தார். ஜூனில் அடுத்த சாவு. அப்போது கையில் இருந்தது இரண்டு மாதச் சந்தா 248 வெள்ளி மட்டும். கோயில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பதினோராயிரம் வெள்ளி இருந்த நிதி எங்கே போனது என்று கேட்டார். இன்னொருவர் எங்கள் வீட்டுப் புது மோட்டாரைப் பற்றிக் கேட்டார். அது மாதத் தவணையில் வாங்கிய மோட்டார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லா நோட்டுகளையும் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. திரும்ப எடுத்து வந்து டின்னில் போட்டு மூடினார். அதோடு நிதி நின்றது.

அந்தக் கூட்டத்தால்தான் நான் ஆக்சுவரி, அதாவது காப்புறுதிக் கணக்கு நிபுணர், ஆனேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். எஸ்டிபிஎம் முடித்துப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போது ஆசிரியை ஒருவர் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மின் பட்டியலில் 'சாயின்ஸ் அக்துவாரி' என்ற வரியைக் காட்டி, "உனக்குக் கணக்குப் பிடிக்குமே, இதப் போடு" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

பாங்கி என்ற ஊரில் இருக்கும் யுகேஎம்மில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் ஆயுள் அட்டவணையைப் பார்த்தேன். ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொண்டு தொடங்கும். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிச்சம் என்று ஒரு பத்தி, அந்த ஓர் ஆண்டுக்குள் எத்தனை பேர் இறப்பார்கள் என்று ஒரு பத்தி. முதல் பத்தி அப்பாவின் நீலக் கோடு, இரண்டாவது சிவப்பு மை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தத் தொழில் பிறந்த கதையும் எங்கள் நிதியின் கதையும் ஒன்றுதான். 1706-ல் லண்டனில் அமிக்கபள் என்று ஓர் ஆயுள் காப்புறுதிச் சங்கம் தொடங்கினார்கள். எல்லா வயதுக்கும் ஒரே சந்தா. வயதானவர்கள் நிறையச் சேர்ந்தால் கட்டுப்படியாகாது என்பதால் 45 வயதுக்கு மேல் யாரையும் சேர்ப்பதில்லை. ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியரை அப்படித்தான் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் உட்கார்ந்து வயதுக்குத் தகுந்த சந்தா எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டார். 1757-ல் அவர் இறந்துவிட்டார். அவர் முறையை வைத்து 1762-ல் ஈக்குவிட்டபள் சங்கம் வந்தது. அங்கேதான் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு ஆக்சுவரி என்று பெயர் வைத்தார்கள். தாத்தாவின் நிதியும் ஒரே சந்தா நிதிதான். ஆனால் 45 வயதைத் தாண்டியவரைத் திருப்பி அனுப்பலாம் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகள் சோதனைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் எழுதியது அமெரிக்க ஆக்சுவரிகள் சங்கத்தின் சோதனைகள். முதலாவது பி, நிகழ்தகவு. மூன்று மணி நேரம், 30 கேள்வி. மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து பத்து வரை, ஆறு எடுத்தால் தேர்ச்சி. அடுத்து எஃப்எம், வட்டிக் கணக்கு. இந்த இரண்டையும் பட்டப்படிப்பு முடிவதற்குள் எழுதிவிடுங்கள். கட்டணம் அமெரிக்க டாலரில் என்பதால் நமக்குச் சுமைதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் கட்டிவிடும், படிக்க விடுப்பும் தரும். இங்கிலாந்து வழியும் உண்டு. எதை எடுத்தாலும் வேலை பார்த்துக்கொண்டே பல வருடம் படிக்க வேண்டும்.

ஆயுள் காப்புறுதிக் கணிதத்தில் இரண்டு முறை ஐந்து வாங்கினேன். ஒரு மதிப்பெண்ணில் போனது. இரண்டாவது தடவை முடிவு வந்த அன்று அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன். அம்மாவுக்கு போன் செய்தேன். "எத்தன மணிக்கு எழுந்து படிக்கிற?" என்று மட்டும் கேட்டார். ஆறு மணி என்றேன். "நாங்க பெரட்டுக்கு எழுந்த நேரத்துக்கு எழும்மா." பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் வரிசை. அடுத்த ஐந்து மாதம் விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவே போன் அடித்து எழுப்பினார். மூன்றாவது தடவை தேறினேன்.

வேலை என்பது சுருக்கமாக இதுதான். இன்று சந்தா வாங்குகிறோம், பணம் கொடுப்பது இருபது முப்பது வருடம் கழித்து. அதற்கு இன்றைக்கே எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆயுள் காப்புறுதி நிறுவனம் ஒவ்வொன்றிலும் அதற்குப் பொறுப்பாக ஓர் ஆக்சுவரி இருக்க வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. 2024 கடைசியில் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் ஒரேயடியாக ஏறியபோது, உயர்வை மூன்று ஆண்டுக்காவது பரப்பிப் போடச் சொன்னார்கள். அந்த வாரம் ஊரிலிருந்து வந்த போனுக்குக் கணக்கில்லை. எல்லோரும் கேட்டது 2004-ல் கேட்ட அதே கேள்வி: எங்கள் பணம் எங்கே போகிறது? அதை நான் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டியவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது, கணக்கைப் பிரித்துக் காட்டுவது எங்கள் கடமை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் சுங்கை சிப்புட்டில் இருந்தேன். அப்பா அம்மா அப்போது டவுனில் மலிவு வீட்டுக்கு மாறிவிட்டார்கள். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அந்த டின்னை எடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒன்பது நாள் ஆனது.

1988-ல் 180 குடும்பம். ஆண்டுக்குச் சந்தா 4,320 வெள்ளி. ஐந்து சாவு, ஆளுக்கு 600 வீதம் 3,000. மிச்சம் 1,320. அப்படிச் சேர்ந்ததுதான் அந்தப் பதினோராயிரம். அதைப் பார்த்து 1996-ல் தொகையை ஆயிரமாக்கினார்கள். பெட்டி விலை ஏறியிருந்தது, அதைத் தப்பு சொல்ல முடியாது. அதே காலத்தில் இளவட்டங்கள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். லயத்தில் தங்கியவர்கள் வயதானவர்கள். 2000-லிருந்து சராசரி 62 குடும்பம், ஆண்டுக்கு வரவு 1,488. சாவு நான்கு, செலவு 4,000. வருடத்துக்கு 2,512 வெள்ளி பள்ளம். 1999 கடைசியில் கையிருப்பு 11,040. நான்கு வருடத்தில் 992 ஆகிவிட்டது. 2004 பிப்ரவரியில் ஒரு சாவு, மூன்று மாதச் சந்தா 372 சேர்த்து ஏப்ரலில் 364. வரவையும் செலவையும் மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளி குறையவில்லை.

அதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப மாசம் எவ்வளவு வாங்கியிருக்கணும்?"

"அஞ்சு வெள்ளி நாப்பது காசுப்பா."

2003-ன் நோட்டை எடுத்தார். பென்சிலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே போனார். இவன் கொடுத்திருப்பான். இந்த அக்கா முடியாது, புருஷன் இல்லை. இவர் கொடுத்திருப்பார், மகன் பட்டர்வொர்த்தில் வேலை. 62 பெயரையும் முடிக்க அரை மணி நேரம் ஆனது.

"முப்பத்தெட்டு பேர் தேறும். அதுக்குப் போட்டுப் பாரு" என்றார்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

"சாவு மட்டும் நாலுதான். அதக் கொறச்சிடாத."