எழுத்துகளின் கால்கள்

கிழக்கு இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடப்பவர்கள் கொண்டுவரும் காசுகளை இன்னதென்று கண்டு பதிவுசெய்வதுதான் பெரும்பாலும் என் வேலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சிலிக்குவா. கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானிய வெள்ளிக்காசு. மெல்லியது, முழுசாக இருந்தால் சுமார் 2 கிராம்.

முழுசாக இருப்பதுதான் இங்கே அபூர்வம். 1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்னில் 14,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. சிலிக்குவாக்களில் அனேகமாக எல்லாமே ஓரம் நறுக்கியவை. 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனுக்குப் புது வெள்ளி வருவது நின்றுபோனது. இருந்த காசையே சுற்றி நறுக்கி எடுத்தார்கள். அத்தனை நறுக்கியும் பேரரசரின் முகத்தை மட்டும் தொடவில்லை. அந்த மரியாதையா, பயமா, எதுவோ ஒன்றை ஒவ்வொரு காசிலும் பார்க்கும்போது கை தானாக நிதானமாகிவிடும்.

எங்களுக்குச் சிக்கல் எழுத்தில். பேரரசரின் பெயர் ஓரத்தில்தான் ஓடுகிறது, எழுத்துகளின் தலை வெளிப்பக்கம். அதனால் நறுக்கியதில் தலைகள் போய், கால்கள் மட்டும் மிஞ்சும். பின்பக்கம் பெரும்பாலும் ரோமா தேவி அமர்ந்திருப்பாள்; அவள் காலடியில்தான் அக்கசாலைக் குறி, அதாவது காசு எங்கே அடிக்கப்பட்டது என்ற அடையாளம். டி ஆர் பி எஸ் என்றிருந்தால் இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ட்ரியர் நகரம். கடைசி இரண்டெழுத்து சுத்தமான வெள்ளி என்பதற்கு. அதுவும் பல நேரம் போயிருக்கும்.

ஒருமுறை அப்படி ஒரு காசைப் பேரரசர் வேலன்டினியனுடையது என்று பதிந்துவிட்டேன். 'வேலன்' வரைக்கும் கால்கள் தெரிந்தன, மீதியை மனசே நிரப்பிக்கொண்டது. கூட வேலை பார்க்கும் மூத்தவர் விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தார். "எழுத்தைப் படிக்காதே, இடைவெளியைப் பார்" என்றார். சரி என்று பார்த்தேன். பெயர் தலைக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கும்; முன்னால் டி என் என்ற பட்ட எழுத்துகள் வரும். அவற்றையும் சேர்த்துத் தலைக்கு இடப்பக்கம் வேலன்டினியனுக்குப் பதினொரு எழுத்து நெருக்கியடித்து நிற்க வேண்டும். இதிலோ ஏழே எழுத்து, கால் நீட்டி உட்கார்ந்ததுபோல் தாராளமாக. காசில் இருப்பது வேலன்டினியன் இல்லை, அவருடைய தம்பி, பேரரசர் வேலன்ஸ்.

பதிவைத் திருத்தினேன். காசைத் திரும்ப வாங்க வந்தவரிடம் லென்ஸைக் கொடுத்து, அந்த ஏழு எழுத்துகளின் கால்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அப்புறம் அவர் நெடுநேரம் லென்ஸைக் கீழே வைக்கவில்லை.