முதல் பல்பும் இரண்டாவது பல்பும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் நான்காவது அலகு. அதைத் தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்பேன்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, மாட்டினால் எது பிரகாசமாக எரியும்? பெரும்பாலும் முதல் பல்பு என்றுதான் பதில் வரும். “அது எடுத்தது போக மிச்சம்தானே சார் அடுத்ததுக்குப் போகும்?” பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்குத்தான் பாயசம் என்கிற கணக்கு.

உண்மையில் இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். ஆனால் இந்த எண்ணத்தைக் கலைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் டார்ச் பல்புகள் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயது. மாட்டிக் காட்டினால் நிஜமாகவே ஒன்று மங்கலாகத்தான் எரியும். அது இரண்டாவது பல்பாக அமைந்துவிட்டால் வகுப்பே சிரிக்கும். இடம் மாற்றி மாட்டினாலும் அதே பல்புதான் மங்கும் என்று காட்டினால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனாலும் முழு நம்பிக்கை வராது.

இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. 2001-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த ஃபெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், இலவசமாகக் கிடைக்கின்றன. பென் டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டால் இணையம்கூட வேண்டாம். மின்சுற்றை அமைத்ததும் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகரும். முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை எங்கே மாட்டினாலும் ஒரே எண். புள்ளிகள் எந்த இடத்திலும் குறைவதில்லை. எந்த டார்ச் பல்பை வைத்தும் இந்தப் புள்ளிகளைக் காட்ட முடியாது.

ஆனால் ஸ்மார்ட் போர்டில் ஆசிரியர் ஓட்டிக் காட்ட, பிள்ளைகள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் பெரிய பலன் இல்லை. புரிந்ததா என்றால் புரிந்தது என்பார்கள். தேர்வுத்தாளில் பழையபடி முதல் பல்பே ஜெயிக்கும். அதனால் சுவிட்சைப் போடுவதற்கு முன் அவரவர் விடையை நோட்டில் எழுதச் சொல்கிறேன், பேனாவால். தப்பாக எழுதியவன் அதற்குப் பிறகு திரையைப் பார்க்கிற பார்வையே வேறு. “சார், அம்மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டுங்க” என்பான்.

இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் எந்தச் சுற்றைக் கேட்டாலும் நொடியில் அமைக்கிற ஒரு பையனிடம் நிஜ ஒயரைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையைச் சீவாமல் அப்படியே பேட்டரியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். எரியவில்லை என்றதும், “பேட்டரி டவுன் சார்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. திரையில் ஒயரின் நுனியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்ளும். அங்கே துருவும் கிடையாது, லூஸ் கனெக்‌ஷனும் கிடையாது. அடுத்த பெஞ்சில், மதிப்பெண்ணில் சுமார் என்று பெயரெடுத்த பெண் ஒருத்தி, நான் வேண்டாம் என்பதற்குள் பல்லால் கடித்து உறையை உரித்து, கம்பியை முறுக்கி, பல்பை எரியவிட்டாள். அவளிடம் கேட்டுத்தான் அவன் தன் ஒயரைச் சரிசெய்தான்.

அதே லேபில் நடக்கிற ஆன்லைன் வினாடி வினாவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கேள்வியை நான் படித்து முடிப்பதற்குள் சிலர் கடைசிக் கேள்வியில் நிற்கிறார்கள். மதிப்பெண் வருகிறது, கல்வித்துறையின் இணையப் பதிவேடான இமிஸில் (EMIS) ஏறுகிறது. யாருக்கு எது புரியவில்லை என்பது மட்டும் தெரிவதில்லை. நோட்டில் பேனாவால் எழுதிய அந்தத் தப்பு விடை எனக்குச் சொல்வதில் பாதிகூட அது சொல்வதில்லை.

இப்போதெல்லாம் ஒயரும் டார்ச் பல்பும் முதலில், சிமுலேஷன் அப்புறம். அதன் பிறகு மறுபடியும் ஒயர். இப்படி நடத்தினால் பாடவேளை கூடுதலாகப் போகிறது. திருப்புதல் தேர்வுக்குள் போர்ஷனை முடித்தாக வேண்டும் என்பதால், அந்த நேரத்தை அடுத்து வரும் ஒலியியலில் பிடித்துக்கொள்கிறேன்.