தம்பியின் ரத்த ரிப்போர்ட்டுகள்

ஜூன் 9, ஞாயிறு, குடியாத்தம்

நாளை தம்பியை வேலூரில் சேர்க்கிறோம். இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் என்று முடிவாகிவிட்டது. பாதி ஆயுளை லேபில் கழித்தவள் என்பதால் ரிப்போர்ட்டுகள் எல்லாம் என் பொறுப்பு. மூன்று மாதச் சர்க்கரை 8.4. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 1.4. ஹீமோகுளோபின் 12.

வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரைதான் கவலை. நியாயம்தான், அது ஏறியிருந்தால் பிளந்து கட்டிய நெஞ்செலும்புப் புண்ணில் கிருமி புகும் வாய்ப்புக் கூடும். என் கண் கிரியேட்டினினில் இருக்கிறது. அறுவைக்கு முன் ஆபத்தைக் கணக்கிட உதவும் யூரோஸ்கோர் 2, ரத்தப் பரிசோதனையிலிருந்து கேட்பது இது ஒன்றைத்தான்: சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது? 63 வயது, 70 கிலோ, கிரியேட்டினின் 1.4 என்று போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 53 மில்லி வருகிறது. 50க்கு இறங்கினால் கணக்கில் அடுத்த, மோசமான படி. தம்பி விளிம்பில் நிற்கிறான்.

ஜூன் 12, புதன், வேலூர்

நாளை அறுவை. வெள்ளி அஷ்டமி என்பதால், வியாழன் கிடைத்ததில் தம்பி மனைவிக்குப் பெரிய நிம்மதி. தறிக்காரப் பையன்கள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். லாட்ஜில் தமிழைவிட வங்காளம்தான் அதிகம் கேட்கிறது. வெயில் சொல்லி மாளாது.

ஜூன் 13, வியாழன்

காலையில் உள்ளே போனவனை மாலையில்தான் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் இதயம் துடிக்கத் துடிக்கவே பைபாஸ் செய்வது சகஜம். தம்பியின் இதயம் பலவீனமாக இருந்ததால் இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டுத்தான் செய்தார்கள். ரத்தம் இயந்திரத்துக்குள் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, உறையும் நேரம் 480 விநாடியைத் தாண்டியதா என்று பார்த்த பிறகே வழக்கமாக இயந்திரத்தை ஓட்டுவார்கள்.

லாக்டேட் முதலில் 3.6. திசுக்களுக்குப் பிராணவாயு போதவில்லை என்றால் ஏறுவது இது. 2க்குள் இருப்பது நல்லது. அறுவை முடிந்த கையோடு கொஞ்சம் ஏறியிருப்பதில் அதிசயம் இல்லை. இறங்காமல் நின்றாலோ, மேலும் ஏறினாலோதான் டாக்டர்கள் ஓடிவருவார்கள். இரவு டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். 2.3 என்றார். போய்ப் படுத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று பெரிய கலவரம். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம் ட்ரோபோனின். அதன் ரிப்போர்ட் தம்பி மகனின் கைபேசிக்கு வந்துவிட்டது. 2,900. பக்கத்திலேயே ‘26க்குள் இருக்க வேண்டும்’ என்று அச்சாகியிருக்கிறது. பையன் வகுத்துப் பார்த்திருக்கிறான். “அத்தை, நூறு மடங்குக்கு மேல். அப்பாவுக்கு உள்ளேயே மாரடைப்பு வந்துவிட்டதா?” என்று கேட்டவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த 26 யாருடைய அளவு? நெஞ்சில் கத்தி படாத, ஆரோக்கியமான மனிதர்களுடையது. இதயத்தை நிறுத்தி, மகாதமனியைக் கவ்வி அடைத்து, தையல் போட்டு மறுபடி ஓடவிட்டால், இதயத் தசை ட்ரோபோனினைக் கசியவிடத்தான் செய்யும். 2018இல் வெளியான உலகப் பொது வரையறை, பைபாஸ் நோயாளிக்கு மேல் வரம்பின் 10 மடங்கைத் தாண்டினால் மாரடைப்பைச் சந்தேகிக்கச் சொல்கிறது. அதிலும் எண் மட்டும் போதாது, ஈ.சி.ஜி.யிலோ எக்கோவிலோ வேறு சான்றும் வேண்டும். 2022இல் வந்த ஓர் ஆய்வு 12 நாடுகளில் 13,862 பேரைப் பார்த்தது. பைபாஸ் அல்லது மகாதமனி வால்வு மாற்றம் மட்டும் செய்துகொண்டவர்களில், முதல் ஒரு நாளுக்குள் 5,670ஐத் தாண்டியவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் ஆபத்துதான் தெளிவாகக் கூடியிருந்தது. மேல் வரம்பின் 218 மடங்கு! ஆனால் அது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பரிசோதனை முறைக்கான எண். வேறு முறையில் வந்த ரிப்போர்ட்டோடு அதை ஒப்பிடக் கூடாது.

ஈ.சி.ஜி. மாறவில்லை, எக்கோவில் இதயச் சுவர் நன்றாகவே அசைகிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பையன் டீ குடித்தான். நோயாளி அறுவையிலிருந்து வந்தவர் என்று தெரிந்தும் அதே 26ஐ அச்சடித்து, தடித்த எழுத்தில் எச்சரிக்கையும் போட்டு வீட்டாருக்கு அனுப்புகிற வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு வரி விளக்கம் சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா?

ஜூன் 15, சனி

நான் பயந்தது நடந்தது. கிரியேட்டினின் 1.8. 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலே சிறுநீரகக் காயத்தின் முதல் கட்டம் என்று கணக்கு. இவனுக்கு 0.4. நேற்று நூறு மடங்குக்கு அலறியவர்கள் இந்தப் புள்ளி நாலைக் கண்டுகொள்ளவே இல்லை. கிரியேட்டினின் தாமதமாகத்தான் ஏறும். அதனால்தான் நர்ஸ்கள் மணிக்கு மணி சிறுநீரை அளக்கிறார்கள். அளவு குறையவில்லை. வலி மாத்திரையில் சிறுநீரகத்துக்கு ஆகாததை நிறுத்திவிட்டார்கள்.

ஹீமோகுளோபின் 8.2. “அண்ணி, இரண்டு பாட்டில் ஏற்றச் சொல்லுங்கள்” என்று தம்பி மனைவி பிடிவாதம். தறிக்காரப் பையன்கள் கொடுத்த ரத்தம் சும்மா கிடக்கிறதே என்ற ஆதங்கம் அவளுக்கு. 7.5க்குக் கீழே போனால் ஏற்றுவது, 9.5க்குக் கீழே போனாலே ஏற்றுவது என இரண்டையும் 2017இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இதய அறுவை நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். பொறுத்திருந்து ஏற்றியதால் பலன் மோசமாகவில்லை. சொன்னேன். மாதுளம்பழம் வாங்கப் போய்விட்டாள்.

ஜூன் 17, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கிரியேட்டினின் 1.6. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. பல மடங்கு ஏறியிருக்கிறது. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்குவது அதன் இயல்பு. இறங்கியது மறுபடி ஏறி, காய்ச்சலும் வந்து, புண்ணும் கசிந்தால் அது வேறு கதை. இந்த முறை பையன் வரம்பைப் பார்க்காமல், “நேற்று எவ்வளவு இருந்தது, அத்தை?” என்று கேட்டான். பரவாயில்லை, தேறிவிட்டான்.

ஜூன் 20, வியாழன்

கிரியேட்டினின் 1.5. நாளை வீட்டுக்கு. எதை எப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பையன் தறிக் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுதுகிறான். கிரியேட்டினின் அடுத்த வாரம், அதே லேபில். ஹீமோகுளோபின் ஒரு மாதம் கழித்து. மூன்று மாதச் சர்க்கரையையும் அதோடு பார்த்துவிடலாம் என்றான். இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றேன். சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. ரத்தம் இழந்து புது அணுக்கள் ஊறும் சமயத்தில் அந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும். 7 என்று வந்தால் போதும், தம்பி அன்றைக்கே ஆற்காடு மக்கன் பேடாவுக்கு ஆள் அனுப்பிவிடுவான். அதுவரை தினமும் விரலில் குத்திப் பார்க்கட்டும்.