யார் எழுதிய மனு?

"இந்த மனுவை எழுதினது யார்?" என்று அந்தக் கூட்டத்தில் கேட்டேன். கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதற்குக் கிடைத்த பதில் என்னை விட்டுப் போகவில்லை.

மதுரைக்கு மேற்கே, தேனி ரோட்டில் ஓர் ஊர். பள்ளிக்கூட வாசலை ஒட்டி வரிசையாகப் பெட்டிக்கடைகள். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். கட்டிவிட்டு மறுநாளே விற்பார்கள். அதனால் புகையிலைக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கும் நாங்கள் இந்த முறை, கடைகளை அங்கிருந்து எடுக்கச் சொல்லி உள்ளாட்சி வழியாகவே நோட்டீஸ் கொடுக்க ஏற்பாடு செய்தோம். உடனே மனு வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் உள்ளூர்த் தலைவர் ஒருவர். பின்னால் கடைக்காரர்கள். பக்கம் பக்கமாக அழகாக டைப் அடித்த மனு. சில்லறை வணிகரின் வாழ்வாதாரம், கள்ளச் சிகரெட் பெருகும் ஆபத்து, அரசுக்கு வரி இழப்பு. ஏறக்குறைய இதே வரிகளை மேலூர்ப் பக்கம் வேறொரு கூட்டத்திலும் படித்திருக்கிறேன். வேடசந்தூர் புகையிலை விவசாயிகள் நடுத்தெருவுக்கு வருவார்கள் என்றும் எழுதியிருந்தது. திண்டுக்கல் வட்டாரத்தில் விளைவது பெரும்பாலும் மெல்லுகிற புகையிலை. சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா இலை ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் விளைவது. நம் பக்கத்து ஆள் இப்படி எழுத மாட்டார். சிகரெட் ஏஜென்சியின் சேல்ஸ்மேன் வெளியே பைக்கோடு நின்றதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தேன்.

தலைவர் வாய் திறக்கும் முன்னால், ஓரமாக நின்ற ஓர் அம்மா சொன்னார்: "எழுதிக் குடுத்தது யாரா இருந்தா என்ன சார்? எனக்கு எழுதத் தெரியாது. வயிறு என்னோடதுதானே?"

தலைவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கேட்டுக்கிட்டீங்களா தம்பி? மொதல்ல இவுகளுக்குப் பதில் சொல்லுங்க. நோட்டீஸை அப்புறம் பாப்போம்." நோட்டீஸ் நின்றது.

டில்லியிலும் நடந்தது இதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சிகரெட், பீடிப் பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் 2015 ஏப்ரல் 1 முதல் வந்திருக்க வேண்டும். அதைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழு தள்ளிவைக்கச் சொன்னது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்று காட்டும் இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று குழுத் தலைவர் திலீப் காந்தி பேசினார். பீடித் தொழில் நடத்தும் எம்.பி. ஒருவரும் அந்தக் குழுவில் இருந்தார். அங்கேயும் முன்னால் நிறுத்தப்பட்டது பீடி சுற்றுகிறவர்களின் பிழைப்புதான். படம் ஒரு வருடம் தாமதமாக, 2016 ஏப்ரலில் வந்தது.

புகையிலைக் கம்பெனிகளின் நலன் சுகாதாரக் கொள்கையில் தலையிடாமல் காக்க வேண்டும் என்கிறது இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 5.3ஆம் பிரிவு. பயிற்சி வகுப்புகளில் நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி அதிகாரி நேராக வந்தால் இந்தப் பிரிவைக் காட்டி வாசலிலேயே நிறுத்தலாம். ஓர் அம்மாவின் கைநாட்டாக வந்தால் எதைக் காட்டுவது?

அவர் சொன்னதில் பொய் இல்லை. சிகரெட்டில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். ஆனால் சிகரெட்டுக்கு வருகிறவர்தான் டீ குடிக்கிறார், வடை தின்கிறார். அதே கடையில் சீருடைப் பையன் ஒரே ஒரு சிகரெட்டைச் சில்லறையாக வாங்குகிறான். நாடாளுமன்றம் வரை போராடிப் போட்ட அந்தப் படம் அவன் கண்ணிலேயே படுவதில்லை. அந்தப் பையனுக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது.

மனுவின் நகலை எத்தனையோ தடவை எடுத்துப் படித்துவிட்டேன். அத்தனை பக்கத்தில் அந்த அம்மாவுக்காக ஒரு வரி இல்லை. மாற்று இடம் கேட்கவில்லை, கடன் உதவி கேட்கவில்லை. நோட்டீஸ் வேண்டாம், அவ்வளவுதான். பிழைப்பைப் பற்றியே பேசிய மனு பிழைப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் தலைவர் மடங்கியிருப்பாரா? "உங்க நோட்டீஸ்ல மட்டும் இருக்கா தம்பி?" என்று திருப்பியிருப்பார். அதிலும் இல்லை. இடம் கொடுக்கிற அதிகாரமோ நிதியோ எங்கள் துறையிடம் கிடையாது. அது உண்மை. ஆனாலும் அந்த அம்மாவிடம் போய் அதைப் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஸ்டாப் பக்கம் அந்தக் கடைகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி இப்போது எழுதியிருக்கிறேன். அது நம் வேலை இல்லை என்கிறார் மேலதிகாரி. தீர்மானம் போட வேண்டியவர் அதே தலைவர். இடம் கிடைத்துப் போனாலும் அந்த அம்மா அங்கேயும் சிகரெட்தான் விற்பார். சிகரெட் விற்க நானே இடம் பிடித்துக் கொடுத்ததாகத்தான் ஆகும். தெரிந்தேதான் எழுதினேன்.