இடது கை பிரேக்கும் ஈரக் கரையும்

மலையே இல்லாத ஊரில் உங்களுக்கு எதற்கு மவுண்டன் பைக் என்று எங்கள் வங்கிக் கிளையில் கேட்காதவர்கள் இல்லை. நான் இருப்பது சென்னைப் புறநகரில், மாடம்பாக்கத்தில். வாசலிலிருந்து பதினைந்து நிமிடம் மிதித்தால் தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்கிவிடும். அதற்கப்புறம் பனை வரிசை, ஏரிக்கரை, லாரி ஓடி ஓடிப் பள்ளமான குவாரிப் பாதை. அந்தக் கல்லுக்கும் மணலுக்கும் ஒல்லி டயர் தாங்காது. 2.2 அங்குல டயரும் முன்னால் 100 மில்லிமீட்டர் அமுங்குகிற ஃபோர்க்கும் இருந்தால்தான் கை கால் தப்பிக்கும்.

எனக்கு வயது 44. ஓட்டத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. பந்தயத்துக்கெல்லாம் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் காலை 4.50க்குக் கிளம்பி ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன், ஒன்பதரைக்கு கேஷ் கவுண்டரில் உட்கார வேண்டும். தம்பி மகன் கார்த்தி கூட வருவான். இந்தப் பதிவைப் புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்காக எழுதுகிறேன், முக்கியமாக என்னைப் போல வருடக்கணக்கில் ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய பெண்களுக்காக. எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது.

என் சைக்கிள் செகண்ட் ஹேண்ட். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் 22,000 ரூபாய்க்குக் கொடுத்தார். ஃபிரேமில் கீறல்கூடக் கிடையாது. செயின், கியர், டயர், பெண்டு, எல்லாம் கார்த்தி குனிந்து நிமிர்ந்து பார்த்தான். ஒன்றை மட்டும் நாங்கள் இருவருமே பார்க்கவில்லை: எந்தக் கை பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று.

நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கை பின் சக்கரத்துக்கு. ஸ்கூட்டியிலும் அப்படித்தான். அமெரிக்க வழக்கம் இதற்கு நேர்மாறு, அங்கே இடது கைதான் முன் சக்கரத்தைப் பிடிக்கும். மூன்று வாரம் தெருவில் ஓட்டினேன். தெருவில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகத்தான் அழுத்துவோம், அதனால் வித்தியாசம் தெரியவே இல்லை.

நான்காவது வாரம் குவாரிப் பக்கம் ஒரு இறக்கம். இடது பக்கம் வளையும் பாதை, வளைவு முழுக்க ஜல்லித் தூள். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது என்று மனசுக்குப் பட்டதும் கை தானாக இடது பிரேக்கை இறுக்கியது. பத்து வருட ஸ்கூட்டிப் பழக்கம் அது. மழையில், மணலில், நாய் குறுக்கே வந்தால், முதலில் இடது கையைப் பிடி, பின் சக்கரம் வண்டியை நிறுத்தும். ஆனால் அன்றைக்கு நின்றது முன் சக்கரம். ஜல்லி மேல் நின்ற முன் சக்கரத்துக்குப் பிடி இல்லை. டயர் உருளாமல் அப்படியே வழுக்கி வெளிப்பக்கமாகப் போனது. விழுகிறோம் என்று தெரிவதற்குள் இடது உள்ளங்கை தரையில் இருந்தது.

கார்த்தி தண்ணீர் ஊற்றிக் கழுவி, கையில் பதிந்திருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்தான். நீலமும் கறுப்பும் கலந்த சின்னச் சின்னத் துணுக்குகள். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் என்று நம் பக்கத்துக் குன்றுகளெல்லாம் இந்தக் கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இதே கல்லைக் கொண்டுபோய்ப் பதித்தார்கள், அதனால்தான் இதற்கு சார்னோக்கைட் என்று பெயர். அவ்வளவு கெட்டியான கல் பொடியானால் ஓரமெல்லாம் பிளேடு மாதிரி இருக்கும். பெரிய கல்லைப் பார்த்துப் பயப்படுகிறோம். என் அனுபவத்தில் வழுக்குவது இந்தப் பொடிதான்.

அன்றைக்கே ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குத்தான் என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீக்கம் வடிந்தது. பன்னிரண்டாம் நாள் கவுண்டரில் நூறு ரூபாய்க் கட்டை இடது கையில் பிடித்து எண்ணத் தொடங்கினேன், கட்டைவிரல் அழுத்தும்போது மணிக்கட்டில் ஊசி இறங்கிய மாதிரி இருந்தது. கட்டு கை நழுவி மேஜையில் விழுந்தது. வேறு ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். கட்டைவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில் ஒரு குழி விழும் பாருங்கள், அந்தக் குழியில் விரலை வைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினார். கத்திவிட்டேன். மறுபடி எக்ஸ்ரே. ஸ்கேஃபாய்டு என்கிற சின்ன எலும்பில் விரிசல். விழுந்த அன்று எடுக்கிற படத்தில் இது பல பேருக்குத் தெரியாமலே போகுமாம், பத்துப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால்தான் தெரியுமாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் கூடுவதற்கும் நாளாகும். எட்டு வாரம் மாவுக்கட்டு. அந்த எட்டு வாரமும் என்னைக் கடன் பிரிவில் உட்கார வைத்தார்கள்.

ஆகவே கையை ஊன்றி விழுந்து, அந்தக் குழியில் வலி இருந்தால், படத்தில் ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் எடுங்கள்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு முதல் வேலையாக பிரேக்கை மாற்றினோம். என்னுடையது கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், கேபிளைக் கழற்றி இடம் மாற்றிப் புதுசு போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆயில் பிரேக் என்றால் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும், அதைத் தெரிந்த கடையில் கொடுங்கள். யாருடைய சைக்கிளை வாங்கினாலும், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வாங்கினாலும், முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ஒவ்வொரு பிரேக்காக அழுத்திப் பாருங்கள். பத்து விநாடி வேலை.

பிறகு கற்றுக்கொண்டது இது. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே போட்டு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போனதும் கையைத் தளர்த்திவிட வேண்டும். நேர்ப் பாதையில் முன் பிரேக்தான் அதிகம் நிறுத்தும், அதற்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்பினால் இறக்கத்தில் வண்டி இழுத்துக்கொண்டே போகும். இறங்கும்போது இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, குதிகாலைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறேன். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த பெடல் கல்லில் இடிக்கும்.

இந்த விளையாட்டே பிரேக்கோடு மல்லுக்கட்டிப் பிறந்ததுதான். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மலைப்பாதையில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவற்றில். ஒரே இறக்கத்தில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து காலியாகிவிடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். திரும்ப அடைப்பது என்ற பொருளில் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது. இருபது வருடம் கழித்து, 1996 அட்லாண்டாவில், இது ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது. இதை முதலில் படித்தபோது மாவுக்கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தேன். பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்து முள். சென்னைப் புறநகரில் கரடுமுரடுப் பாதைக்குப் போனால் சீமைக் கருவேல முள்ளுக்குத் தப்ப முடியாது. வெளிநாட்டு மரம், இப்போது எந்த ஏரியைப் பார்த்தாலும் அதுதான் நிற்கிறது. அதன் காயை ஆடு மாடு தின்று, விதை சாணத்தோடு விழுந்து, ஆட்டுப் பாதையெல்லாம் கன்று முளைக்கும். நமக்குக் கிடைப்பதும் அதே ஆட்டுப் பாதைதான். ஒருநாள் இரண்டு கிலோமீட்டருக்குள் ஏழு பங்க்சர். டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த பங்க்சர் கடை அண்ணன், "இதுல ஒட்டுப் போட எடம் இல்லக்கா, வேற டியூபே போட்டுடுங்க" என்றார்.

அந்த வாரமே டியூப்லெஸ் மாற்றினேன். டயருக்குள் 80 மில்லி சீலன்ட் ஊற்றுகிறேன். அது ரப்பர் பால். முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைப்பேன். உஸ்ஸென்று வெள்ளையாக நுரை வரும், இரண்டு மூன்று குமிழி உடையும், பலாக்காய்ப் பால் மாதிரி பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். நம் வெயிலுக்கு அந்தப் பால் இரண்டு மூன்று மாதத்தில் உறைந்து தோலாகிவிடும், காலண்டரில் குறித்து வைத்து ஊற்றுங்கள். ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூபோடுதான் ஓட்டுகிறீர்களா? முள் குத்தியும் காற்று போகவில்லை என்றால் பிடுங்காதீர்கள். பல சமயம் அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், வீடு வரை வந்துவிடலாம்.

காற்றைப் பற்றி ஒன்று. கடையில் கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். எனக்கு முதலில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தார்கள், பல் கடகடவென்று ஆடியது. என் எடை 61 கிலோ. இப்போது முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ. டயர் கல்லைச் சுற்றிப் படிந்து பிடிக்கிறது, மணலில் புதைவதும் குறைந்துவிட்டது. டியூபோடு இவ்வளவு குறைக்கக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் விழும். டியூப் இருந்தபோது நான் 30க்குக் கீழே இறக்கியதில்லை.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், செம்மண்ணோடு சேர்ந்து களிம்பாகிவிடும். செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியால் வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். தேய்மானம் பார்க்க ஒரு ஸ்கேல் போதும். புதுச் செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஒரு ஊசிக்கும் இருபத்து நான்காவது ஊசிக்கும் நடுவே சரியாக 12 அங்குலம் இருக்கும், முதல் ஊசியைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். கத்திரி வெயிலில் ஆறே முக்காலுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில், தண்ணீர் ஒரு பாட்டில், பையில் கடலை மிட்டாய். நன்மங்கலம், வண்டலூர்ப் பக்கம் இருப்பவை காப்புக்காடுகள். அனுமதியில்லாமல் உள்ளே போகாதீர்கள்.

எனக்குப் பிடித்த பாதை ஏரிக்கரை. ஒரு ஆள் அகலத்தில் மேடும் பள்ளமுமாக, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். நான் போகும் ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே ஆடு மேய்ப்பவர்களுக்குக் கூட்டம் சேர்ந்தால் தொந்தரவு.

போன நவம்பரில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, காலை ஆறு மணி. கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பார்க்கிற ஆசையில் கரை மேலேயே ஓட்டிக்கொண்டு போனேன். டயர் நன்றாக இறங்கியது, அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. எதிரே ஆட்டோடு வந்த பெரியவர் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"இன்னாம்மா, ஈரக் கர மேல வண்டி ஓட்றே? எறங்கு. பின்னாடி திரும்பிப் பாரு."

பார்த்தேன். நான் வந்த வழி முழுக்க இரண்டு விரல் ஆழத்துக்கு ஒரே கோடு. கரைச் சரிவு தொடங்கும் இடத்தில் கோடு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மேலே தேங்கிய மழைத்தண்ணீர் அந்தக் கோட்டில் புகுந்து, நூல் மாதிரிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிவாக இல்லை, சிவப்பாக இருந்தது. கரையின் மண் அது.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல இந்தக் கரை ஒடையப் பாத்துச்சி. ராத்திரி முச்சூடும் ஊரே நின்னு மணல் மூட்ட போட்டோம். மொதல்ல இத்தினியூண்டுதான் அரிக்கும்" என்று சுண்டுவிரலைக் காட்டினார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் ஐயா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, காலால் மண்ணைத் தள்ளிக் கோட்டை மூடத் தொடங்கினார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நானும் கார்த்தியும் சேர்ந்துகொண்டோம். வரப்பில் கிடந்த மண்கட்டியை அள்ளி வந்து போட்டு மிதித்தோம். கலங்கலிலிருந்து நான் ஏறிய இடம் வரை, கிட்டத்தட்ட இருநூறு அடி. முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று வங்கிக்கு அரை நாள் லீவு சொன்னேன்.

அதிலிருந்து மழைக்காலத்தில் கரைக்கே போவதில்லை. மழை விட்ட பிறகும், முதலில் இறங்கிக் குதிகாலை ஊன்றிப் பார்ப்பேன். செருப்புத் தடம் பதிந்தால் திரும்பிவிடுவேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எங்களுக்குக் குவாரிப் பாதை மட்டும்தான். ஜல்லி கிடந்தாலும் அங்கே தண்ணீர் வடிந்துவிடும், யாருடைய வயலும் அதை நம்பி இல்லை.

இந்தப் பொங்கல் கழிந்த வாரம் போயிருந்தேன். பெரியவர் கரையோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கம்பால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார்.

"காஞ்சிடுச்சிம்மா. மதகு வரைக்கும் போ. அதுக்கு அப்பால இன்னும் ஈரம்."

மதகு வரைக்கும் போய்த் திரும்பினேன்.