இரண்டு பேருக்கும் ஒரே கவுன்சிலர்

எங்கள் சண்டையைத் தீர்க்கக் கவுன்சிலிங் போகலாம் என்று நானும் கணவரும் முடிவெடுத்தபோது ஆளுக்கொரு வழக்கோடுதான் போனோம். முதலில் பார்த்தவர் விவரமானவர். ஆனால் நாங்கள் பேசப் பேச நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். என் கணவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம் அங்கே போகவில்லை.

அடுத்துப் பார்த்த கவுன்சிலர் அம்மா எடுத்ததுமே முறையைச் சொல்லிவிட்டார். முதலில் சேர்ந்து, பிறகு தனித்தனியாக ஒரு தடவை, அதன்பின் எல்லாம் சேர்ந்தே. தனியாகப் பேசியபோது வீட்டில் அடி, மிரட்டல் உண்டா என்று நேரடியாகக் கேட்டார். இருந்தால் தம்பதியைச் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து, வேறு உதவிதான் முதலில் தேவை என்றார்.

என் பெரிய மனத்தாங்கல், அப்பா ஐசியூவில் இருந்தபோது இவர் பாதியில் கிளம்பிப் போனது. அந்தப் பேச்சு வந்தபோது இவர், "உங்க வீட்டு ஆளுங்க யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நின்னு பாத்துட்டுக் கிளம்பிட்டேன்" என்றார். அந்த அம்மா அவர் பக்கம் சாய்ந்து, "அவ்வளவு நேரமும் தனியாவா நின்னீங்க?" என்று கேட்டார். இவர் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மா உடனே என்னைப் பார்த்தார். "நான் அவர்கிட்ட இப்படிக் கேட்டது உங்களுக்கு வலிச்சிருக்கும். அப்பா பக்கத்துல நீங்க தனியா இருந்தீங்க, அதை நான் மறக்கல." அன்றைக்கே அதற்கும் நேரம் கொடுத்தார். இவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் எழுதிய கட்டுரையில், எதிரே இருப்பவரை நிபந்தனையில்லாமல் மதிப்பதும் புரிந்துகொள்வதும் மாற்றத்துக்கு அவசியம் என்றார். எதிரே இருப்பது சண்டையிலிருக்கும் இரண்டு பேர் என்றால் அது எவ்வளவு கடினம்! ஒருவரிடம் காட்டும் கனிவு மற்றவருக்குக் கட்சி மாறியது போலத் தெரியும்.

கனிவு என்றால் விட்டுக்கொடுப்பதும் இல்லை. "உங்க பரம்பரையே இப்படித்தான்" என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அவர் செஞ்சதைச் சொல்லுங்க. பரம்பரை வேண்டாம்." அதே குரல்தான், கோபமே இல்லை.

கவுன்சிலர் தேடுகிறவர்கள் ஓரிரு அமர்வுக்குப் பின், 'என்னை இந்தக் கவுன்சிலருக்குப் புரிகிறதா?' என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் இல்லை என்றாலும் அதை அந்த அறையிலேயே சொல்லுங்கள். நல்ல கவுன்சிலர் அதற்காகக் கோபப்பட மாட்டார்.