உதவித்தொகைப் பிரிவில் ஒரு மாணவி

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, எமிஸ் எண் (பள்ளி மாணவர் பதிவு எண்), யூமிஸ் பதிவு (கல்லூரி மாணவர் விவரப் பதிவு), ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு என்று பொழுது போகும். பிள்ளைகளின் மதிப்பெண்ணைவிட வீட்டு நிலைமைதான் எனக்கு அதிகம் தெரியும். அப்படித் தெரியவந்த ஒரு மாணவியைப் பற்றி எழுத ரொம்ப நாளாக ஆசை.

குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்து ஊர். அம்மா தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியுமுன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்க வேண்டும். இவள் முன்னால் போய், பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கொடுக்க, அம்மா பின்னால் வெட்டிக்கொண்டு வருவார். சிரட்டையில் பால் நிறைந்து எடுக்கும் நேரத்துக்கு இவள் பஸ்ஸில் இருப்பாள். மழை நாளில் வேலை கிடையாது. தை, மாசியில் இலை உதிரும்போதும் வெட்டு நின்றுவிடும். கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிற ஜூன் மாதமோ, தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்கிற மாதம்.

2023இல் சேர்ந்தாள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எங்கள் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அங்கே சேர்ந்த ஏழைப் பிள்ளைகளும் நிறைய. இவளும் அப்படித்தான். "உனக்கு வராது மக்களே" என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. "சரி சார்" என்று போய்விட்டாள்.

அப்புறம் ஒருநாள் வகுப்புத் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோழி அரசுப் பள்ளி மாணவி, தகுதி உண்டு, பணம் மட்டும் வரவில்லை. "எனக்கில்லேன்னா என்ன சார், இவளுக்கு வரணும்லா?" என்றாள்.

இந்தச் சிக்கல் எங்களுக்குப் பழகியதுதான். பள்ளி நாளில் தொடங்கிய மைனர் கணக்கு, 18 வயது ஆனதும் புதிதாக ஆவணம் கொடுத்தால்தான் ஓடும். இரண்டு கணக்கு இருந்தால், கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்குக்கே பணம் போகும். பிள்ளைகள் மற்ற பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒருமுறை விளக்கியதும் அவள் பிடித்துக்கொண்டாள். தோழியோடு வங்கிக்குப் போனாள், நாளைக்கு வா என்றார்கள், மறுநாளும் போனாள். பணம் வந்து சேர்ந்தது. அதன்பிறகு மதிய இடைவேளையில் எங்கள் வராந்தா பெஞ்சில் ஒரு நீள நோட்டோடு உட்கார ஆரம்பித்தாள். பெயர், எமிஸ் எண், எந்த வங்கி, ஆதார் எந்தக் கணக்கில் என்று கட்டம் போட்டிருந்தாள். கடைசிக் கட்டம், 'அடுத்து யாரைப் பார்க்கணும்'. எங்கள் அலுவலகப் பதிவேடு எதிலும் அப்படி ஒரு கட்டம் இல்லை. இப்போது என் பதிவேட்டிலும் அதைச் சேர்த்துக்கொண்டேன்.

விடுமுறை நாட்களில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் போய்வந்தாள். அங்கே பத்தாம் வகுப்போடு நின்றுவிட நினைத்த பிள்ளைகளின் வீட்டில் உட்கார்ந்து பேசினாள், சான்றிதழுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சேர வந்த ஒரு பையன், "அக்கா சொல்லித்தான் வந்தேன்" என்றபோதுதான் தெரிந்தது.

2024 டிசம்பர் 30 அன்று உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் திட்டம் விரிந்தது. அவளைத் தேடி வகுப்புக்கே போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள், உடனே, தன்னைப் போல விடுபட்டவர்களின் பட்டியலை நோட்டிலிருந்து கிழித்து என் கையில் தந்தாள். தன் பெயரை அடியில் எழுதியிருந்தாள்.

கடைசி ஆண்டில் ஓர் அறக்கட்டளை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். தலைமைப் பண்பு, சமூகப் பணி இரண்டுக்கும் சான்றிதழ் கேட்டார்கள். முகாம் சான்றோ கோப்பையோ அவளிடம் இல்லை; விடிகாலை வேலைக்கும் பஸ்ஸுக்கும் இடையில் அதற்கெல்லாம் ஏது நேரம்? தேர்வுக் குழுவினர் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காகிதத்தை வைத்து எடைபோடுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். முதல்வரின் ஒப்புதலோடு, அவள் செய்ததை ஒன்றுவிடாமல் தனித்தாளில் எழுதி, நோட்டின் சில பக்கங்களைப் பெயர்களை மறைத்து நகலெடுத்து இணைத்தேன். தொகை கிடைத்தது.

இப்போது முதலாண்டு மாணவிகள் சிலரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நோட்டைப் பார்த்துக்கொள்ளப் பழக்குகிறாள்.